வீட்டுக்குள் செடி வளர்க்க க்ரோ லைட்: சரியான விளக்கைத் தேர்ந்தெடுப்பதும் சூட்டை வெளியேற்றுவதும்

க்ரோ லைட் வாங்க நினைப்பவர்கள் முதலில் எந்த விளக்கு நல்லது என்று கேட்பார்கள். வாங்கி மாட்டிய பிறகுதான், இந்தச் சூட்டை என்ன செய்வது என்ற கேள்வி வரும். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள். விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் அறையில் தங்குகிறது. டயோடிலும் (எல்.இ.டி.யில் ஒளி தரும் சிறு சில்லு) டிரைவரிலும் (அதற்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) வீணாகும் பங்கு உடனே சூடாகிறது. ஒளியாக வெளியேறும் பங்கும் இலையிலும் மண்ணிலும் சுவரிலும் பட்டு உறிஞ்சப்பட்டு வெப்பமாகிவிடுகிறது. ஒளிச்சேர்க்கையால் செடிக்குள் சேமிக்கப்படுவது மிகச் சிறிய பங்குதான். எனவே தேவைக்கு மேல் வாங்கும் ஒவ்வொரு வாட்டையும் முதலில் மின்கட்டணத்தில் செலுத்தி, பிறகு ஃபேன் வைத்து வெளியே தள்ள வேண்டியிருக்கும். குளிர்விக்கும் வேலை விளக்கை வாங்குவதற்கு முன்பே தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

படி 1: செடிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு ஒளி வேண்டும்?

ஒளியை அளக்க நம் கண்ணை நம்ப முடியாது. நண்பகல் வெயிலில் 1,00,000 லக்ஸ் அளவுக்கு ஒளி இருக்கும். ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே வந்தால் பல வீடுகளில் 1,000 லக்ஸ்கூட இருக்காது. நூறு மடங்கு குறைந்த பிறகும் கண் தன்னைச் சரிசெய்துகொண்டு, அறை வெளிச்சமாக இருப்பதாகச் சொல்லிவிடும். செடிக்கு அது பட்டினி.

லக்ஸ், லூமன் இரண்டுமே மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவுகள். நம் கண் 555 நானோமீட்டர் அருகிலுள்ள பச்சை ஒளியை அதிகம் உணர்கிறது. அதற்குத்தான் அந்த அளவுகளில் மதிப்பு கூடுதல். செடி 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களைப் பயன்படுத்துகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு அத்தகைய ஒளித்துகள்கள் எத்தனை மைக்ரோமோல் (துகள்களை எண்ணும் அலகு; பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு மோல்) விழுகின்றன என்பதே பி.பி.எஃப்.டி. ஒரு நாள் முழுவதும் விழுந்த மொத்தம் டி.எல்.ஐ.; இதை மோலில் சொல்வார்கள். முதல் அளவு பெய்யும் மழையின் வேகம் என்றால், இரண்டாவது நாள் முடிவில் பாத்திரத்தில் சேர்ந்த நீர். செடியின் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிப்பது இரண்டாவதுதான்.

ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுவது எளிது:

பி.பி.எஃப்.டி. × விளக்கு எரியும் மணி நேரம் × 0.0036 = டி.எல்.ஐ.

200 மைக்ரோமோல் ஒளி 14 மணி நேரம் விழுந்தால் ஏறத்தாழ 10 மோல்.

மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட் போன்ற நிழல் தாங்கும் இலைச்செடிகளுக்கு 3 முதல் 6 மோல் போதும். பெரணிகளுக்கும் பெரும்பாலான வீட்டு ஆர்க்கிட்களுக்கும் 4 முதல் 8. நாற்றுகள் 8 முதல் 12 வரை இருந்தால் தண்டு தடித்து நிற்கும். கீரை, லெட்டூஸ், புதினா, கொத்தமல்லி வகைகளுக்கு 12 முதல் 17 வரை வேண்டும். கள்ளி, சதைப்பற்றுச் செடிகள் சிறுத்து அடர்த்தியாக வளர 15-ஐ ஒட்டி இருக்க வேண்டும். தக்காளியும் மிளகாயும் காய்க்க 20 முதல் 30 வரை தேவை. வீட்டுக்குள் காய்ப்புச் செடி வளர்ப்பது கடினம் என்று சொல்வதற்கு இந்தக் கடைசி எண்தான் காரணம். கீரைக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு ஒளி என்றால் வெப்பமும் இரண்டு மடங்கு. முதன்முறையாகத் தொடங்குபவர்கள் கீரையிலும் மூலிகையிலும் கைப்பழக்கம் பெற்ற பிறகு தக்காளிக்குப் போவதே நல்லது.

எத்தனை மணி நேரம் எரிய விடுவது? இலைச்செடிகளுக்கு 12 முதல் 16 மணி நேரம் சரியாக இருக்கும். அதே டி.எல்.ஐ.யை மங்கலான ஒளியில் அதிக நேரம் கொடுத்தால் சிறிய விளக்கே போதும். எந்த நேரத்திலும் உருவாகும் வெப்பமும் குறைவு. ஆனால் இதற்கு எல்லை உண்டு. தக்காளிக்கு இருளே இல்லாமல் 24 மணி நேரமும் ஒளி கொடுத்தால் இலை மஞ்சளாகிக் கெடும். சாமந்தி, கலாஞ்சோ போன்றவை நீண்ட இரவு இருந்தால்தான் மொட்டு விடும். அவற்றுக்கு 16 மணி நேர ஒளி கொடுத்தால் இலை செழிக்கும், பூ வராது.

படி 2: அந்த ஒளிக்கு எத்தனை வாட்?

ஒரு கீரைத் தட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ.; பரப்பு 0.72 சதுர மீட்டர். இலக்கு 14 மோல். நாளுக்கு 16 மணி நேரம் விளக்கு எரியும். 14-ஐ (16 × 0.0036) ஆல் வகுத்தால் வேண்டிய பி.பி.எஃப்.டி. 243 வரும், 250 என்று வைத்துக்கொள்ளலாம்.

250-ஐப் பரப்பால் பெருக்கினால், இலைகள்மேல் நொடிக்கு 180 மைக்ரோமோல் விழ வேண்டும் என்று தெரியும். விளக்கிலிருந்து கிளம்பும் ஒளியில் கால் பங்கு பக்கவாட்டில் சிதறிப் போகும் என்று கொண்டால், விளக்கு 240 மைக்ரோமோல் வெளியிட வேண்டும்.

இப்போது விளக்கின் திறன். ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி தருகிறது என்பதே ஒரு க்ரோ லைட்டைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான எண். நல்ல எல்.இ.டி. பேனல்கள் 2.5 முதல் 3 வரை தருகின்றன. சாதாரண வீட்டு எல்.இ.டி. பல்பு 1.3 முதல் 1.5 வரை. சோடியம் ஆவி விளக்குகள் வகையைப் பொறுத்து 1 முதல் 1.7 வரை. ஃப்ளோரசன்ட் டியூப் 1-க்குச் சற்றுக் கீழே. குண்டு பல்பும் ஹாலோஜனும் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். அவை ஒளியைவிட வெப்பத்தையே அதிகம் தருகின்றன.

நம் தட்டுக்கு 2.5 திறனுள்ள பேனல் என்றால் 240 ÷ 2.5 = 96 வாட். திறன் 1.2 மட்டுமே உள்ள மலிவு விளக்கு என்றால் 200 வாட். இரண்டிலும் இலைக்குக் கிடைக்கும் ஒளி ஒன்றுதான். ஆனால் இரண்டாவது விளக்கு நாள்தோறும் 3.2 யூனிட் இழுக்கும், முதலாவது 1.5 யூனிட்டோடு நின்றுவிடும். அறையில் சேரும் வெப்பமும் இரட்டிப்பு. மலிவு விளக்கில் மிச்சப்படுத்திய பணம் மின்கட்டணத்திலும் ஃபேனிலும் மெல்ல வெளியே போய்விடும்.

நிழல் செடிகள் இரண்டு மூன்றுதான் இருக்கின்றன என்றால் இத்தனை கணக்கு தேவையில்லை. 10 அல்லது 15 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பை ஒரு மேசை விளக்கில் மாட்டி, 30 செ.மீ. உயரத்தில் 12 மணி நேரம் எரியவிட்டால் போதும்.

படி 3: பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

'1000 வாட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பேனல் உண்மையில் 100 வாட் மட்டுமே இழுப்பதைப் பலமுறை பார்க்கலாம். பழைய வகை விளக்குக்கு ஈடாகச் சொன்ன எண், அல்லது ஒவ்வொரு டயோடின் உச்ச வரம்பையும் கூட்டிப் போட்ட எண் அது. நீங்கள் தேட வேண்டியது சுவரிலிருந்து இழுக்கும் உண்மையான வாட். அதோடு மொத்த ஒளி வெளியீடு மைக்ரோமோலில், ஒளி எந்தப் பரப்பில் எப்படிப் பரவுகிறது என்ற வரைபடம். இந்த மூன்றையும் சொல்லாமல் லூமனை மட்டும் சொல்லும் விளக்கை நான் வாங்க மாட்டேன். நடுப்புள்ளியின் பி.பி.எஃப்.டி.யை மட்டும் பெருமையாகச் சொல்வதிலும் ஏமாற வேண்டாம். நடுவில் 800 இருந்து ஓரத்தில் 100 இருந்தால் நடுச்செடி கருகும், ஓரச்செடி விளக்கை நோக்கிச் சாயும்.

நிறம் பற்றி நீண்ட விவாதங்கள் உண்டு. பிரித்தெடுத்த பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சுவதைக் காட்டும் வரைபடத்தை வைத்துத்தான் ஊதா நிற விளக்குகள் பரவின. முழு இலை அப்படி நடந்துகொள்வதில்லை. 1972-இல் வெளியான மெக்ரீயின் ஆய்வு 22 பயிர்களின் இலைகளை அளந்து, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே உதவுவதைக் காட்டியது. இலையின் மேற்பரப்பைத் தாண்டி உள்ளடுக்கு வரை பச்சை ஒளி ஊடுருவவும் செய்கிறது. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல டயோடின்மேல் பாஸ்பர் (நீல ஒளியின் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பூச்சு) பூசியது. அதனால் நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் அதில் கலந்தே இருக்கும். 3000 கெல்வின் முதல் 4000 கெல்வின் வரையுள்ள (வெள்ளையின் சாயலைச் சொல்லும் எண், கூடக்கூட நீலம் கூடும்) வெள்ளை ஒளியோடு 660 நானோமீட்டர் சிவப்பு டயோடுகள் கொஞ்சம் சேர்ந்த பேனல் வீட்டுக்கு மிகப் பொருத்தம். நாற்றுகள் மட்டும்தான் என்றால் நீலம் கூடுதலாக உள்ள 5000 அல்லது 6500 கெல்வின் வாங்கலாம். செடி குட்டையாக, உறுதியாக நிற்கும். ஊதா ஒளியில் இன்னொரு தொல்லை: இலை மஞ்சளாகிறதா, புள்ளி விழுகிறதா என்று பார்க்கவே முடியாது. நோயைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் பாதி செடி போயிருக்கும்.

ஃபேன் பொருத்திய விளக்கா, வெறும் அலுமினிய ஹீட் சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்) உள்ள விளக்கா என்ற தேர்வில், வீட்டுக்கு இரண்டாவதையே சொல்வேன். சுழலும் பாகம்தான் முதலில் பழுதாகும். சிறிய ஃபேன் நின்றுபோனால் அதை நம்பி வடிவமைத்த மெல்லிய ஹீட் சிங்க் சூட்டைத் தாங்காது. இரவில் இரைச்சலும் இருக்காது என்பது கூடுதல் நிம்மதி.

ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் கட்டாயம் இருக்கட்டும். டயோடில் மின்னோட்டம் குறையும்போது அதன் திறன் கூடுகிறது. ஒரே பேனலை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட இரண்டு பேனல்களைப் பாதி வேகத்தில் ஓட்டினால், அதே ஒளிக்குக் குறைந்த வாட் போதும். வெப்பமும் அகலமாகப் பரவும், ஓரச்செடிக்கும் ஒளி கிடைக்கும். முதலில் செலவு கூடும்தான். ஆனால் காற்றோட்டம் குறைந்த இடத்தில் வளர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல குளிர்விப்பு இல்லை.

படி 4: தொங்கவிடுவதும் அளப்பதும்

டியூப் வடிவ எல்.இ.டி.யை இலையிலிருந்து 15 முதல் 30 செ.மீ. உயரத்திலும், பேனலை 30 முதல் 60 செ.மீ. உயரத்திலும் தொங்கவிட்டுத் தொடங்கலாம். புதுச் செடியை முதல் நாளே முழு ஒளியில் வைக்கக் கூடாது. பாதி ஒளியில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரங்களில் மெல்ல ஏற்ற வேண்டும்.

தனிக் கருவி இல்லாவிட்டாலும் செல்போனின் லக்ஸ் செயலி ஓரளவு வழிகாட்டும். சென்சாரை இலை மட்டத்தில் மேல்நோக்கி வைத்து அளந்து, வெள்ளை எல்.இ.டி. என்றால் வரும் எண்ணைச் சுமார் 67-ஆல் வகுத்தால் தோராயமான பி.பி.எஃப்.டி. கிடைக்கும். நம் கீரைத் தட்டின் 250 என்பது 17,000 லக்ஸை ஒட்டியது. வெயிலுக்கு வகுக்கும் எண் 54. ஊதா விளக்குக்கு இந்த முறை உதவாது. லக்ஸ் கணக்கில் நீலத்துக்கும் சிவப்புக்கும் மதிப்பு மிகக் குறைவு. நடுவில் ஓர் அளவு, நான்கு மூலைகளில் நான்கு அளவு எடுங்கள். மூலைகள் நடுப்பகுதியின் பாதிக்கும் கீழே இருந்தால் விளக்கைச் சற்று உயர்த்தி, பக்கங்களில் வெள்ளை அட்டை நிறுத்துங்கள். சிதறிப் போகும் ஒளி திரும்பி வரும். ஒரு வாட்கூட ஏற்றாமல் ஒளியைக் கூட்டும் வழி இது.

படி 5: சூட்டை வெளியேற்றுவது

எல்.இ.டி.யின் வெப்பம் பின்பக்கமாக ஹீட் சிங்க் வழியே வெளியேறுகிறது. அதன் ஒளிக்கதிரில் அகச்சிவப்பு மிகக் குறைவு. சோடியம் விளக்கு நேரெதிர்: அகச்சிவப்பை இலைமேலேயே கொட்டும். ஆகவே எல்.இ.டி. வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. விளக்கின் முதுகிலிருந்து காற்று சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காற்று இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம். மூடிய அலமாரிக்குள் ஒரு மேசை ஃபேனைச் சுழலவிட்டால் அதே சூட்டுக் காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். ஃபேனின் வாட்டும் அதோடு சேரும்.

முதலில் ஹீட் சிங்க். அதன் மேல்பக்கம் குறைந்தது 10 முதல் 15 செ.மீ. காலி இடம் வேண்டும். பலகையோடு ஒட்டித் திருகிவிட்டால் சூடான காற்று எழும்ப வழியில்லை. அடுக்குத் தட்டுகளில் இன்னொன்றையும் பாருங்கள். கீழ்த்தட்டு விளக்கின் சூடு மேல்தட்டுச் செடியின் வேருக்குப் போகும். மேலே முளைக்கும் விதைகள் இருந்தால் அது நன்மை, மண் வெதுவெதுப்பு முளைப்பை விரைவாக்கும். கீரை இருந்தால் வேர் வாடும். இடையில் காற்று புக இடைவெளி விடுங்கள்.

டிரைவர் தனியாகக் கழற்றக்கூடிய வகையானால், நீளமான வயரில் அதை டென்ட்டுக்கோ (செடி வளர்க்கும் மூடிய துணிக் கூடாரம்) அலமாரிக்கோ வெளியே கொண்டுபோய் வையுங்கள். விளக்கு இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குவரை டிரைவரிலேயே வெப்பமாகிறது. அது உள்ளே இருக்கத் தேவையே இல்லை. வெளியே குளிர்ந்த இடத்தில் இருந்தால் டிரைவருக்கும் ஆயுள் கூடும்: அதிலுள்ள மின்தேக்கிகள் 10 டிகிரி குறைவான வெப்பத்தில் ஏறத்தாழ இரு மடங்கு காலம் உழைக்கும் என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு.

அடுத்தது காற்றின் அளவு. இதற்கு எளிய சூத்திரம் இருக்கிறது:

வாட் × 3 ÷ அனுமதிக்கும் வெப்ப உயர்வு = மணிக்கு வேண்டிய காற்று, கன மீட்டரில்.

100 வாட் விளக்குள்ள மூடிய இடம், வெளியைவிட 4 டிகிரி மட்டும் கூடலாம் என்று வைத்தால், 100 × 3 ÷ 4 = 75 கன மீட்டர். 120 மி.மீ. கணினி ஃபேன்கள் பெரும்பாலும் மணிக்கு 80 முதல் 120 கன மீட்டர் என்று குறிப்பிடப்பட்டிருக்கும். ஆனால் அது எதிரே தடையே இல்லாதபோது கிடைக்கும் அளவு. குழாயும் வலையும் வடிகட்டியும் சேர்ந்தால் பாதியாகிவிடும். எனவே கணக்கில் வந்ததைப்போல இரண்டு மடங்கு குறிப்பிட்ட ஃபேனை வாங்கி, வேகத்தைக் குறைத்து ஓட்டுவது சிறந்தது. 200 வாட் மலிவு விளக்குக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், 150 கன மீட்டர் வரும். படி 2-இல் மிச்சப்பட்ட 100 வாட் இங்கே ஒரு முழு ஃபேனாக மிச்சப்படுகிறது.

ஃபேனை மேலே, காற்றை வெளியே இழுக்கும்படி பொருத்துங்கள். உள்ளே வரும் வழி கீழே, எதிர்ப்பக்கத்தில் இருக்கட்டும். அந்த வழி ஃபேனின் வாயைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் திணறும். இலைகளுக்கு நடுவே தனியாக ஒரு சிறு ஃபேன் மெல்ல வீசட்டும். இலைகள் லேசாக அசைந்தால் போதும். ஒரே பக்கம் பலமாக வீசினால் மண் சீக்கிரம் காயும், இலை ஓரம் கருகும்.

காற்றோட்டத்தால் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது. அறையே 33 டிகிரியில் இருந்தால் எத்தனை ஃபேன் வைத்தாலும் டென்ட் 33-க்குக் கீழே இறங்காது. அப்போது விளக்கை இரவில் எரியவிடுவதே நல்ல தீர்வு. ஜன்னல் ஒளி படாத செடிக்குக் கடிகாரம் தெரியாது. மாலை 6 மணிக்குப் பகல் தொடங்கி விடியற்காலையில் முடிந்தாலும் அதற்கு ஒன்றுதான். டைமரை அப்படி மாற்றிவிட்டால், விளக்கின் சூடு அறையின் குளிர்ந்த நேரத்தில் விழும். ஏ.சி. உள்ள அறையானால், ஒரு டன் ஏ.சி. என்பது சுமார் 3,500 வாட் வெப்பத்தை அகற்றும் திறன். 100 வாட் விளக்கு அதில் மூன்று சதவீதம்தான். சிறிய அமைப்புக்கு அது பெரிய சுமை இல்லை.

விளக்கு அணைந்த பிறகு உள்ளே குளிரும். ஈரப்பதம் சட்டென்று ஏறும். அதனால் ஃபேனை விளக்கோடு சேர்த்து அணைக்காமல், குறைந்த வேகத்தில் தொடர்ந்து ஓட விடுங்கள். பூஞ்சை வருவது பெரும்பாலும் இந்த இருட்டு நேரத்தில்தான்.

நீர் உள்ள இடத்தில் மின்சாரம் என்பதை மறக்க வேண்டாம். பிளக்குக்குப் போகும் வயர் சாக்கெட்டைவிடத் தாழ்ந்து வளைந்து பிறகு மேலேறட்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில் மாட்டுங்கள். எர்த் இணைப்பும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் இல்லாத இணைப்பில் க்ரோ லைட்டைப் போடவே கூடாது.

படி 6: சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது

வெப்பமானியை இலை மட்டத்தில், விளக்கின் ஒளி நேராகப் படாதபடி ஓர் அட்டையின் நிழலில் வையுங்கள். நேராக ஒளி பட்டால் காற்றின் வெப்பத்தைவிட அதிகம் காட்டும். பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்கு 20 முதல் 28 டிகிரி செல்சியஸ் ஏற்றது. லெட்டூஸ் வகை இன்னும் குளிர்ச்சியை விரும்பும்.

ஹீட் சிங்க்கை அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. பளபளப்பான அலுமினியம் உண்மையைவிட மிகக் குறைவான எண்ணைக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அதன்மேல் ஒட்டி, சூடேறிய பிறகு டேப்பை அளந்தால் சரியான எண் வரும். கருவி இல்லையென்றால், விளக்கு ஒரு மணி நேரம் எரிந்த பின் ஹீட் சிங்க்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். சில நொடிகள்கூடக் கை வைக்க முடியவில்லை என்றால் காற்றோட்டம் போதவில்லை. டிம்மரைக் குறைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் தூசியாக இருக்கும். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, காய்ந்த தூரிகையால் ஹீட் சிங்க் இடுக்குகளையும் ஃபேன் இறக்கைகளையும் துடைத்தால் போதும்.

செடியும் தன் நிலையைக் காட்டும். தண்டு நீண்டு இலைகளுக்கு இடைவெளி கூடினால் ஒளி போதவில்லை. விளக்குக்கு மிக அருகிலுள்ள உச்சி இலைகள் மட்டும் வெளிறினால் ஒளி அதிகம். விளக்கை 10 செ.மீ. உயர்த்துங்கள் அல்லது டிம்மரைக் கால் பங்கு குறையுங்கள். அடி இலைகள் முதலில் மஞ்சளானால் விளக்கைத் தொட வேண்டாம், பெரும்பாலும் அது தழைச்சத்துக் குறைவு. இலை விளிம்புகள் மேல்நோக்கி மடங்கி, மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் சூடு அதிகம். உச்சி வெளிறாமல் விளிம்பு மட்டும் மடங்கினால் ஒளியைக் குறைப்பதற்கு முன் ஃபேனையும் காற்று வரும் வழியையும் பாருங்கள். மாற்றம் செய்த பின் பழைய இலைகள் தேறும் என்று காத்திருக்க வேண்டாம், அவை மீளாது. அடுத்து விரியும் இரண்டு மூன்று புது இலைகள் எப்படி வருகின்றன என்பதை வைத்தே அடுத்த மாற்றத்தைத் தீர்மானியுங்கள்.